லிஸ்பனில் படியில்லாத ஓர் அறை

அன்று எங்கள் பயண முகவர் அலுவலகத்தில் நான்கு பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் சுந்தரராஜன் சார், அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கம் நானும், எங்கள் மேலாளர் மெஹர் மேடமும். ஓரமாக, நகல் எடுக்கும் எந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு கார்த்தி. வராதவர் ஒருவர்தான், சாரின் மனைவி சரோஜா டீச்சர். வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பழங்காநத்தத்திலிருந்து சாரோடு ஒரே ஆட்டோவில் வந்து இறங்கியவர், எங்கள் கட்டடத்தின் கீழே இருக்கும் துணிக்கடையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் அலுவலகம் இரண்டாவது மாடி.

"டீச்சர் வரலையா சார்?" என்று கேட்டேன்.

"கீழ இருக்கா தம்பி. சேலையப் பாத்துட்டா அவளுக்கு வேற என்ன வேணும்? ஓட்டலு கீட்டலெல்லாம் நீங்களே பாத்து முடிங்கன்னுட்டா."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

கார்த்திதான் இதை எழுதச் சொன்னவன். பயண முகவர் தொழிலில் இருக்கும் பையன்கள் சேர்ந்து ஒரு சிறிய மலர் கொண்டுவருகிறார்களாம். "ஓய்வு பெற்ற பெரியவர் அனுபவம்னு ஒண்ணு வேணும் மாப்ள, நீ எழுது" என்றான். எனக்கு முப்பத்துநான்கு வயது. பதினோரு ஆண்டுகள் வெளிநாட்டு ஓட்டல் பதிவுகளைப் பார்த்தேன். பிறகு எல்லோரும் கைப்பேசியிலேயே அறை எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள், எங்கள் அலுவலகத்தில் அந்த மேசையை எடுத்துவிட்டார்கள். நான் தேர்வு எழுதி, இப்போது சமயநல்லூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அந்தத் தொழிலைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். திருவாதவூரில் அப்பாவுக்குக் கூலி விவசாயம். பி.காம். முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தபோது, விமான டிக்கெட் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. முதல் ஆண்டு முழுவதும் பாஸ்போர்ட்டை நகல் எடுத்தேன், டீ வாங்கி வந்தேன், விண்ணப்பத்தில் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். இரண்டாம் ஆண்டு மெஹர் மேடம் ஐரோப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டார். இன்றுவரை நான் கடல் தாண்டியதில்லை. ஆனால் வியன்னாவில் எந்த ரயில் நிலையத்துக்குப் பின்னால் தயிர் கிடைக்கும் என்று கேட்டால் சொல்வேன்.

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் செய்து கொண்டுபோகும் பதிவில் தப்பு இருந்தால், தாளை அப்படியே திருப்பி, தப்பு இருக்கும் இடத்தின் மேல் பேனாவை வைத்து, என் பக்கம் நகர்த்திவிடுவார். பிறகு அவர் தன் வேலையைப் பார்ப்பார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

எந்த ஊரானாலும் அவரிடம் ஒரே முறைதான். ஏ4 தாளை இரண்டாகக் கிழிப்பார். அந்த அரைத்தாளில் நான் பதில் எழுதிக் காட்டிய பிறகுதான் பதிவு. ஓட்டல் கதவைத் திறந்து வெளியே வந்தால் இடது கையில் என்ன இருக்கிறது, வலது கையில் என்ன இருக்கிறது? பாலும் பழமும் கிடைக்கும் கடை எத்தனை நிமிடம்? லிஃப்டில் இரண்டு பெட்டியும் இரண்டு ஆளும் சேர்ந்து நிற்க முடியுமா? வெந்நீர்க் கெட்டில் உண்டா? வரவேற்பில் ஆள் எத்தனை மணிவரை இருப்பார்? ஜன்னல் எதைப் பார்த்தது? இவ்வளவுக்கும் பிறகு, தங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படிக்க வேண்டும். அதிலும் திட்டி எழுதியதைத்தான் முதலில்.

"புகழ்ந்து எழுதுனவன் ஊருக்குப் போயிட்டான். திட்டுனவன்தான் இன்னமும் அந்த ரூம்லயே கெடக்கான். அவன்கிட்டப் பேசு" என்பார்.

இவ்வளவு இருந்தும் என் கண் மதுரைக் கண்ணாகவே இருந்தது. மதுரையில் ஓட்டல் என்றால் ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுதான் நல்ல ஓட்டல். அதே கணக்கில், பாத்திரக்கடை அண்ணன் தம்பிகள் மூன்று பேருக்கும் அவர்கள் மனைவிமார்க்கும் பாரிசில் ஒரு பெரிய ரயில் நிலையத்தின் பின்புறம் அறை எடுத்தேன். திரும்பி வந்த அன்று மூத்தவர் ஒரு பெட்டி சாக்லேட்டை என் மேசையில் வைத்தார். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா பாரிசுக்குக் கூட்டிட்டுப் போயி எங்கள மாட்டுத்தாவணி பஸ்ஸ்டாண்டுல தங்க வச்சிட்டீங்களே" என்றார். மேடம் சாக்லேட்டில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பழைய அரைத்தாளை எடுத்தார். 'வெளியே வந்தால் என்ன' என்ற வரியின் மேல் பேனாவை வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

அந்தத் தப்பை நான் மறுபடி செய்யவில்லை. வேறு தப்பு செய்தேன்.

சுந்தரராஜன் சார் கேட்டது லிஸ்பன். ஆறு பகல், ஐந்து இரவு. துபாயில் இருக்கும் மகன் விமானச் செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று கேட்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். லிஸ்பன் என்று கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

"டீச்சரோட ஆசப்பா. எனக்கு எங்கிட்டுனாலும் சரி. ஒண்ணே ஒண்ணு, ஊருக்கு வெளிய கொண்டுபோய்ப் போட்றாத. பழைய ஊரு, கோட்டைக்குப் பக்கமா, ஆறு தெரியற மாதிரிப் பாரு. காலாற நடக்கணும்."

"டீச்சர் நல்லா நடப்பாங்களா சார்?" இதைக் கேட்டவர் மேடம்.

"நடப்பாளாவா? அழகரை எதிர்கொண்டு கும்பிட எதிர்சேவைக்குப் பழங்காநத்தத்துல இருந்து தல்லாகுளம் வரைக்கும் வருசா வருசம் நடந்தே வருவா மேடம். எனக்குத்தான் மூச்சு வாங்கும்."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. எதிர்சேவைக் கூட்டத்தில் நடக்கிறவர் உலகத்தில் எங்கேயும் நடப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் சரியாகவே பட்டது.

அல்ஃபாமா என்ற பழைய பகுதியில் கோட்டைக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டலைப் பிடித்தேன். ஜன்னலில் ஆறு. கெட்டில் உண்டு. பழக்கடை மூன்று நிமிடம். வரைபடத்தில் தெருமுனையிலிருந்து ஓட்டல் வாசல் நூற்றைம்பது மீட்டர். தெருவைப் படம் பிடித்துக் காட்டும் செயலியில் போய்ப் பார்த்தேன். படம் தெருமுனையோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் அந்தப் படவண்டியே போகவில்லை. ஒரு நிமிடம்கூட எனக்கு அது உறுத்தவில்லை. மீனாட்சி கோயிலைச் சுற்றி எத்தனை சந்துகளில் ஆட்டோகூட நுழைய முடியாது! வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவதுதானே பழைய ஊர் என்றால்?

திட்டியவர்களையும் படித்தேன். ஒருவர் குளியலறை சிறியது என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'ஐந்து நாளில் என் தொடைக்கு நல்ல உடற்பயிற்சி' என்று எழுதியிருந்தார். கார்த்தியிடம் காட்டிச் சிரித்தேன். "வெள்ளக்காரனுக்கு நூத்தம்பது மீட்டருக்கே தொட வலிக்குது பாரு மாப்ள" என்றான். அரைத்தாளில் எழுதினேன்: 'வண்டி தெருமுனை வரை. பிறகு இரண்டு நிமிட நடை.' மேடம் படித்தார். பேனாவை எங்கும் வைக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்காத பதிவு, அதனால் விலை குறைவு. சார் அதையே போடச் சொன்னார்.

எங்களைச் சுற்றி மலை இல்லாமல் இல்லை. யானைமலை இருக்கிறது, நாகமலை இருக்கிறது. ஆனால் மலை மலையாக இருக்கும், ஊர் ஊராக இருக்கும். மலைக்குப் போவதென்றால் சொல்லிவிட்டுப் போவோம். பால் வாங்கப் போகும் வழியில் மலை வராது. எங்கள் ஊரில் நான் ஏறிய பெரிய ஏற்றம் கண்மாய்க் கரை. வரைபடத்தில் நூற்றைம்பது மீட்டர் என்று பார்த்தால், என் மனசில் அது தரையோடு தரையாகத்தான் படுத்திருக்கும். எழுந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் சார் இன்னும் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் டீச்சர் கீழே துணிக்கடையில்தான் இருந்தார்.

அவர்கள் போய் இறங்கிய நாள் மதுரையில் மாலை நாலரை மணி இருக்கும். அங்கே நண்பகல். வாட்ஸ்அப்பில் சார் கூப்பிட்டார்.

"ராசு, லிஸ்பனுக்கு அனுப்பச் சொன்னா பழனிக்கு அனுப்பி வச்சிருக்கியேப்பா!"

"சார்?"

"படிப்பா. படி! டாக்சிக்காரன் கீழயே எறக்கிவிட்டுட்டு மேல கையக் காட்டிட்டுப் போயிட்டான். கண்ணுக்குத் தெரியறதே அறுவது படி இருக்கு. அதுக்கு மேல வளைஞ்சு போகுது, எம்புட்டு இருக்கோ. உன்னோட ரெண்டு நிமிச நட இதுதானா?"

 "சார், என் தப்புதான்" என்றேன்.

"சரி விடு, காசு கட்டியாச்சு. மெதுவா ஏறிருவோம். டீச்சர் இப்புடி உக்காந்திருக்கட்டும். நான் முக்குக் கடையில தண்ணி வாங்கிட்டு, பெட்டி தூக்க ஆளு கெடைக்குமான்னு பாத்துட்டு வாரேன். நீ அந்த ஓட்டல்காரனுக்குப் போனப் போட்டு ஆள வரச் சொல்லு. சரோ, இந்தா போனப் பிடி."

கைப்பேசி கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல்.

"ராசுங்கிறது நீதானப்பா?"

"ஆமா டீச்சர். டீச்சர், மன்னிச்சிருங்க..."

"அதெல்லாம் அப்பறம். அவரு வாரதுக்குள்ள சொல்லிர்றேன், நல்லாக் கேட்டுக்க. எனக்கு ரெண்டு வருசமா முட்டி சரியில்ல. சமதரையில நடந்துருவேன். படி ஏற முடியாது. ரெண்டு படி ஏறுனா மூணாவதுல கால் நிக்காது. அவருக்குத் தெரியாது."

பேனாவை எடுத்து ஓர் அரைத்தாளில் 'படி கூடாது' என்று எழுதினேன்.

"தெரிஞ்சா டிக்கெட் போட்டிருக்க மாட்டாரு. 'முட்டியச் சரி பண்ணிட்டு அப்பறம் போவோம்'பாரு. அப்பறம்னா எப்ப? எனக்கு அறுவத்தஞ்சு ஆகுதுப்பா. இப்பத் தெரிஞ்சாலும் அடுத்த பிளைட்டப் பிடின்னு ஊருக்குத் திருப்பிருவாரு. அதனால நீ ஒண்ணு பண்ணு. ரூம்ல தண்ணி வரல, மூட்டப்பூச்சி இருக்கு, எதையாச்சும் சொல்லி வேற எடம் மாத்திக் குடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் பேசப் பேச, எனக்கு எங்கள் கட்டடத்தின் மாடிப்படிதான் கண்ணுக்குள் வந்தது. கைப்பிடி ஆடும் அந்தச் செங்குத்தான படி. மூன்று முறை சார் அதில் ஏறி வந்தார். மூன்று முறையும் டீச்சர் அதன் அடியிலேயே உட்கார்ந்திருந்தார். சேலை பார்க்க என்று நினைத்துக்கொண்டு நாங்கள் மேலே லிஃப்டின் அளவை விசாரித்துக்கொண்டிருந்தோம்.

"டீச்சர்..." என்று தொடங்கினேன்.  அதற்குள் சாரின் குரல், மிக அருகில்.

"எந்திரிக்காத. உக்காரு."

அவர் எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தார் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் பாட்டில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "குடி" என்றார்.  இணைப்பைத் துண்டிக்கலாமா என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். துண்டிக்க மனம் வரவில்லை. ஊருக்குத் திரும்பலாம் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"தம்பி, இருக்கியா?" என்றார் சார். குரல் இறங்கியிருந்தது. "படி இல்லாத எடமாப் பாரு. காசப் பத்தி யோசிக்காத. நாங்க இங்கனயே உக்காந்திருக்கோம்."

மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். டீச்சரின் முட்டியைப் பற்றி இரண்டு வார்த்தையில் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒலிபெருக்கியில் போடச் சொன்னார். நான் அதற்குள் ஊரின் நடுவே, கடைத்தெருப் பக்கம், தட்டையாகத் தெரிந்த இடங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏம்மா, நான் மெஹருன்னிசா பேசுறேன்" என்றார் கைப்பேசியிடம். "மொதல்லயே கீழ எறங்கி வந்து உங்ககிட்டக் கேட்டிருக்கணும். இப்பக் கேக்குறேன். அந்த ஊர்ல எதைப் பாக்கணும்னு வந்தீங்க?"

டீச்சர் தயங்காமல் சொன்னார். "வாஸ்கோ ட காமா கப்பல் ஏறுன எடம் மேடம். முப்பது வருசம் சரித்திரம் எடுத்தேன். 'எங்கேயிருந்து புறப்பட்டார்?'னு கேப்பேன், அறுவது பிள்ளைங்களும் 'லிஸ்பன்'னு கத்தும். ஒரு தடவ ஒரு பிள்ள எந்திரிச்சு 'அந்த எடம் எப்புடி டீச்சர் இருக்கும்?'னு கேட்டுச்சு. எனக்குச் சொல்லத் தெரியல. அம்புட்டுதான்."

அந்த இடத்தின் பெயர் பெலேம். ஊரின் நடுவிலிருந்து மேற்கே தள்ளி, ஆற்றங்கரையில் இருக்கிறது. 'பகலில் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், தங்க வேண்டாம், ஊருக்கு வெளியே' என்றுதான் எல்லா வழிகாட்டிகளும் எழுதியிருந்தன. நானும் அதைப் படித்துத்தான் அந்தப் பகுதியை முதல் நாளே தள்ளியிருந்தேன். 'ஊருக்கு வெளியே போடாதே' என்று சார் வேறு சொல்லியிருந்தார்.

இந்த முறை நான் படத்தை நம்பவில்லை. அங்கே ஓர் ஓட்டலுக்குத் தொலைபேசி போட்டு, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். டாக்சி வாசல்வரை வருமா? வரும். வாசலில் படி? ஒன்று. எவ்வளவு உயரம்? அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு சாண் என்றார். தரைத்தளத்தில் அறை? ஒன்று இருக்கிறது, ஆனால் ஜன்னலில் ஆறு தெரியாது, முற்றம்தான். வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கும் மடாலயம்வரை வழி ஏறுமா, இறங்குமா? இரண்டும் இல்லை. ஆற்றங்கரைக்கு? அங்கே கொஞ்சம் யோசித்தார். நடுவே ரயில் பாதை இருக்கிறது, அதன் அடியில் போகும் சுரங்கப் பாதையில் படி உண்டு, டாக்சியில் சுற்றிப் போனால் கரையிலேயே இறக்கிவிடுவார்கள் என்றார். கடைசியில் அவரே கேட்டார்: வருகிறவர் உங்கள் அம்மாவா? ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பிற்பகல் ஒரு படம் வந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் டீச்சர். காலடியில் சாரின் நிழல். கூடவே ஒரு குரல் செய்தி.

"ராசு, இது கடல் இல்லப்பா, ஆறு! நம்ம வைகை மாதிரி அஞ்சாறு சேந்த ஆறு. நான் முப்பது வருசமாக் கடலுன்னு நெனச்சுக்கிட்டு, கரும்பலகையில அலையெல்லாம் போட்டுக் காட்டிட்டேன். அம்புட்டுப் பிள்ளைங்களுக்கும் தப்பாச் சொல்லிக் குடுத்துருக்கேன்." பின்னாலிருந்து சார், "எல்லாத்தையும் திரும்ப வரச் சொல்லி இம்போசிஷன் எழுதவா போற?" என்று கேட்பதும், இருவரும் சிரிப்பதும் அதில் பதிவாகியிருந்தது. கார்த்தி அதை மூன்று முறை போட்டுக் கேட்டான்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம், கீழேயிருந்து சார் கூப்பிட்டார். "துணிக்கடையில இருக்கோம். நான் மேல வாரேன்" என்றார். "வேணாம் சார், நாங்க வாரோம்" என்று மேடம் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க இறங்கிப் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அரைத்தாளின் தலைப்பில் 'வராதவர் யார்?' என்று ஒரு வரியும் வந்து சேர்ந்தது.

டீச்சர் கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். மடியில் ஓர் எலும்பு மருத்துவமனைக் கோப்பு. "இவனா? போன்ல பெரிய ஆளாட்டம் பேசுனான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மேடம் ஓர் உறையை நீட்டினார். "பழைய ரூம் காசு. எங்க தப்பு. நாங்கதான் குடுக்கணும்."

சார் அதை வாங்கவில்லை. டீச்சரைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா எதிர்சேவைக்கு வரல மேடம் இவ. 'டி.வி.யில பாத்துக்கிறேன், கூட்டம் ஒத்துக்கல'ன்னா. சரின்னு நான் மட்டும் போயிட்டு வந்தேன். இந்தப் பையன் முன்ன பின்ன தெரியாதவன், இவனுக்குத் தெரியலன்னா நியாயம். ஒரே வீட்டுல இருக்குற எனக்கு அந்தப் படியடியில உக்காந்துதான் தெரிஞ்சுது." உறையை மேடத்தின் பக்கமே தள்ளினார். "அந்த ரூம் காச முட்டிக்கு ஸ்கேன் எடுத்த செலவுன்னு வச்சுக்கிறேன். உள்ள வைங்க."

டீச்சர் கோப்பைத் திறந்து, அதிலிருந்த பழைய ஓட்டலின் ரசீதைக் காட்டினார். மருத்துவமனை ரசீதுகளுக்கு மேலே, முதல் தாளாக அதைக் குத்தியிருந்தார்கள். ஒரு பகல்கூட அவர்கள் தங்காத, ஆறு தெரியும் அந்த அறைக்கு ஐந்து இரவு வாடகை: நாற்பத்திரண்டாயிரத்து எழுநூற்று எண்பது ரூபாய்.